யன்னலோர வெளிச்சத்தில் ஒரு முகம்: வீட்டுப் பெரியவர்களை நல்லபடி படம் எடுத்து வைப்போம்

வீட்டில் ஒரு பெரியவர் கண்மூடினால், அன்றிரவே பிள்ளைகள் ஒரு படத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். மரண அறிவித்தலுக்குப் படம் வேண்டும். மண்டபத்தில் மாலை போட்டு வைக்க ஒன்று வேண்டும். முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலருக்கும் வேண்டும். நாலு நாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் தங்கள் கைத்தொலைபேசிகளைத் துழாவுவார்கள். கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கலியாண வீட்டுக் குழுப்படம். அதில் அம்மா மூன்றாவது வரிசையில் நிற்பார். அவரை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானத்தை ஒட்டி அனுப்புவார்கள். முகம் கலங்கி, கண் தெரியாமல், பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி ஒட்டியபடி அந்தப் படம் வரும். பேரப்பிள்ளைகளின் நினைவில் கடைசியில் நிற்கப்போவதும் அந்த முகம்தான்.

எங்கள் தலைமுறைக்கு இதில் இன்னொரு வலியும் உண்டு. இடம்பெயர்ந்தபோது நாங்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டோம். அல்பம் அலுமாரியிலேயே கிடந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய குடும்பங்களிலும், பின்னர் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடிய குடும்பங்களிலும், தாத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படமும் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். அந்த இழப்பை இனித் திருத்த முடியாது. இன்று நம் வீட்டுச் சாய்மனைக் கதிரையில் இருப்பவரின் முகத்தையாவது ஒழுங்காகப் பதிந்து வைக்கலாம். இதற்கு ஸ்ரூடியோவோ விலைகூடிய கமராவோ தேவையில்லை. ஒரு யன்னல், ஒரு கதிரை, ஒரு வெள்ளை வேட்டி, கையில் இருக்கும் தொலைபேசி, அரைமணி நேரப் பொறுமை ஆகியவை போதும். அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

யன்னல் வெளிச்சம் ஏன் நல்லது?

ஒளி மென்மையாக இருப்பதும் கடுமையாக இருப்பதும், அது வரும் இடம் முகத்தோடு ஒப்பிடுகையில் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. தொலைபேசியின் பிளாஷ் ஒரு பயறு அளவுதான். அதனால் மூக்குக்கும் நாடிக்கும் கீழே கத்தியால் வெட்டியது போல நிழல் விழும், நெற்றியில் எண்ணெய் பூசியது போல ஒரு மினுக்கம் வரும். யன்னலோ ஒரு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் உயரம் இருக்கும். அத்தனை பரப்பிலிருந்தும் ஒளி பல கோணங்களில் முகத்தில் விழுவதால், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையில் மெதுவான மாற்றம் வரும். கன்னத்தின் வளைவும் கண்ணின் ஆழமும் அப்போதுதான் படத்தில் தெரியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விசயமல்ல. 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஓவியர் வெர்மேர் தன் ஓவியங்கள் பலவற்றில் இடப்பக்க யன்னலால் வரும் ஒளியில்தான் மனிதர்களை வரைந்தார். நெதர்லாந்தில் வாழ்பவர்கள் அம்ஸ்ரர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால், அவருடைய பால் ஊற்றும் பெண்ணின் ஓவியத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது, முகத்தின் எந்தப் பக்கம் நிழலில் இருக்கிறது என்று கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். மின்விளக்கு பரவுவதற்கு முன்னர், 19ஆம் நூற்றாண்டுப் படப்பிடிப்பு நிலையங்களும் வடக்குப் பார்த்த பெரிய கண்ணாடிக் கூரைகளையும் யன்னல்களையும் நம்பித்தான் இயங்கின.

அந்தக் காலத்து ஜூலியா மார்கரெட் கமரூனை இங்கே குறிப்பிட வேண்டும். கல்கத்தாவில் 1815இல் பிறந்த இவர், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தபோதுதான் படம் எடுக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 48. இங்கிலாந்தின் வைற் தீவில் தன் வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி, அதற்குள் வந்த இயற்கை வெளிச்சத்தில் மனித முகங்களைப் படம் எடுத்தார். வானியலாளர் ஜோன் ஹேர்ஷெலின் முதுமை முகத்தையும் அவர் பதிந்தார். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே காலமானார். தொடங்குவதற்கு வயதோ வசதியோ தடையில்லை என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

எந்த யன்னல், எந்த நேரம்?

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கு வடக்குப் பார்த்த யன்னல் மிக நல்லது. பகலின் பெரும்பகுதியில் நேர் வெயில் அதற்குள் வராது, வானத்தின் பரவலான ஒளி மட்டும் வரும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருப்பவர்கள் இதை அப்படியே மாற்றித் தெற்கு யன்னலைத் தேட வேண்டும். மாடிக் குடியிருப்பில் தெற்கு யன்னல் மட்டுமே இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். மெல்லிய வெள்ளைத் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். திரை இல்லாவிட்டால் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்துத் தொங்கவிடுங்கள். வெயில் அந்தத் துணியில் பட்டுப் பரவி, யன்னல் முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும்.

முகில் மூடிய நாளைப் பார்த்து "இண்டைக்கு வெளிச்சம் இல்லை" என்று ஒத்திவைக்காதீர்கள். முகில்தான் இயற்கை தரும் திரைச்சீலை. பனி கொட்டிக் கிடக்கும் நாளும் நல்லதே. நிலத்தில் கிடக்கும் பனி ஒளியைக் கீழிருந்து மேலே திருப்பியடிப்பதால் கண்ணுக்கும் நாடிக்கும் கீழே உள்ள நிழல் தானாகக் குறையும். ஆனால் யன்னலுக்கு எதிரே செங்கல் சுவரோ அடர்ந்த பச்சை மரமோ இருந்தால், அந்த நிறம் முகத்தில் ஏறும். அப்போது வேறு யன்னலைப் பாருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஊரில் நமக்குப் பழகிய வெயிலுக்கும் இங்குள்ள வெயிலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. டிசெம்பர் 21 அளவில் நண்பகலில் யாழ்ப்பாணத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் ரொறன்ரோவில் 23 பாகை, இலண்டனில் 15 பாகை, ஒஸ்லோவில் 7 பாகைக்கும் குறைவு. அதாவது குளிர்காலத்தில் இங்கு வெயில் வந்தாலும் சாய்வாக, கண்ணைக் குத்துவதாக வரும், விரைவில் போயும்விடும். ஆகவே நவம்பர் முதல் சனவரி வரை காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் எடுப்பது நல்லது. கோடையில் காலை 9 மணியும் மாலை 5 மணியும்கூடப் பொருந்தும். சனி, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடும் வீடுகளில், சாப்பாட்டுக்கு முன்னரே எடுத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு பெரியவர்களுக்குக் கண் சொருகும்.

முதல் வேலை: அறை விளக்கை அணையுங்கள்

பலர் விடும் பிழை இதுதான். யன்னல் வெளிச்சம் போதாது என்று எண்ணி மேல் விளக்கையும் போடுவார்கள். வீட்டு மின்குமிழின் ஒளி மஞ்சள் சார்ந்தது, பகலொளி நீலம் சார்ந்தது. இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் சாம்பல் நீலமாகவும் வரும். கமராவால் இரண்டையும் ஒருசேரத் திருத்த முடியாது. எனவே அறையிலுள்ள எல்லா விளக்கையும் அணைத்து, தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள். சாமியறை விளக்கு தூரத்தில் எரிந்தால் எரியட்டும்.

இருத்தும் விதம்

கதிரையை யன்னலிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்தில் போடுங்கள். யன்னலை விட்டு விலக விலக ஒளி வேகமாகக் குறைவதோடு கடுமையாகவும் மாறும். அறையின் நடுவுக்குப் போனால் படம் மங்கிவிடும். கதிரைக்கும் பின்சுவருக்கும் இடையில் இரண்டு மீற்றராவது இருந்தால், பின்னணி இருண்டு முகம் தனித்துத் தெரியும். பின்னால் குளிர்சாதனப்பெட்டி, நாட்காட்டி, துணி காயவிட்ட கம்பி ஒன்றும் வேண்டாம்.

இனி யன்னலுக்கும் முகத்துக்கும் உள்ள கோணம். மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அவர் யன்னலை நேரே பார்த்திருக்க, நீங்கள் யன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுப்பது. ஒளி முகம் முழுவதும் சமமாக விழும், சுருக்கங்கள் குறைவாகத் தெரியும். மரண அறிவித்தலோ கடவுச்சீட்டோ என்று எண்ணாமல், அம்மா தனக்குப் பிடித்த சேலையில் சிரித்தபடி இருக்கும் படத்துக்கு இது ஏற்றது. நீங்கள் ஒளியை மறைக்காமல் ஓர் ஓரமாக நில்லுங்கள்.

இரண்டாவது, யன்னல் அவருடைய முகத்துக்கு 45 பாகைச் சாய்வில் இருப்பது. ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் மெல்லிய நிழலிலும் இருக்கும். நிழல் பக்கக் கண்ணுக்குக் கீழே சிறிய முக்கோணமாக ஒளி விழுந்தால், ஓவியர் ரெம்பிரான்ட்டின் பெயரால் அழைக்கப்படும் ஒளியமைப்பு அதுதான். ஒரே ஒரு படம்தான் எடுக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தக் கோணத்திலேயே எடுங்கள்.

மூன்றாவது, யன்னல் முழுக்கப் பக்கவாட்டில் இருப்பது. முகத்தின் பாதி ஒளியிலும் பாதி இருளிலும் இருக்கும். ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து தெரியும். உழைத்துத் தேய்ந்த தாத்தாவின் முகத்துக்கும் கைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் எல்லோரும் விரும்பமாட்டார்கள். எடுத்தவுடன் காட்டி, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எந்தக் கோணமானாலும் கண்ணைப் பாருங்கள். கருவிழியின் மேற்பகுதியில் யன்னலின் சிறு வெள்ளைப் பிம்பம் தெரிய வேண்டும். அது இல்லாத கண் படத்தில் உயிரற்று இருக்கும். தெரியாவிட்டால் முகத்தை யன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள். நிலம் வரை நீளும் கண்ணாடிக் கதவாக இருந்தால் அதன் கீழ்ப்பாதியை ஒரு போர்வையால் மறையுங்கள். ஒளி சற்று மேலிருந்து வந்தால்தான் முகம் இயல்பாக இருக்கும்.

வேட்டியின் இரண்டாவது பயன்

நிழல் பக்கம் மிகவும் கறுத்துவிட்டால், யன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கதிரையின் முதுகில் வெள்ளை வேட்டியை விரித்து வையுங்கள். யன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழலைத் தணிக்கும். அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால் நிழல் இன்னும் குறையும், தள்ளி வைத்தால் கூடும். பேரப்பிள்ளை ஒருவரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லலாம். பெரியவருக்கு முன்னால் பேரப்பிள்ளை நின்றால் சிரிப்பும் தானாக வரும்.

தொலைபேசியில் எடுக்கும்போது

லென்ஸைத் துணியால் துடையுங்கள். பிளாஷை நிறுத்துங்கள். முகத்துக்குக் கிட்டப் போய் எடுத்தால் மூக்குப் பெரிதாகவும் காது சிறிதாகவும் வரும். ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் தள்ளி நின்று, தொலைபேசியில் இரண்டு மடங்கு உருப்பெருக்கம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தொலைபேசியை அவருடைய கண்மட்டத்துக்கு இறக்குங்கள். கதிரையில் இருப்பவரை நின்றபடி மேலிருந்து எடுத்தால் அவர் சிறுத்துப்போவார்.

திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால், கூர்மையும் வெளிச்ச அளவும் அந்த இடத்திலேயே நிலைத்துவிடும். பின்னர் விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பின்னணியைக் கலக்கிக் காட்டும் போர்ட்ரெய்ட் முறையில் எடுத்தால், தோட்டின் ஓரமும் நரைமயிரும் கரைந்துபோகவில்லையா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சந்தேகமென்றால் சாதாரண முறையிலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

தனிக் கமரா வைத்திருப்பவர்கள் 50 அல்லது 85 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 2.8 முதல் 4 வரையான துவாரம், விநாடியில் 125இல் ஒரு பங்கு வேகம், ஐ.எஸ்.ஓ. 400 முதல் 800 என்று தொடங்கலாம். துள்ளும் குழந்தை என்றால் வேகத்தை 250இல் ஒரு பங்காக்கி, ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள்.

நம் நிறம், நம் உடை

கமரா எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மண்ணிற முகம் இருந்தால், சுவரின் பிரகாசத்தை அடக்குவதற்காக முழுப்படத்தையும் இருட்டாக்கும். முகம் கரியாகிவிடும். கறுப்புத் திரைக்கு முன்னால் எடுத்தாலோ, மாறாக முகத்தை வெளிறச் செய்யும். ஆகவே சுவரை விட்டு, முகத்தைத் தொட்டு அளவிடுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் செயலிகளை விலக்கிவைப்போம். அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாகவே பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச்சேரட்டும்.

கடும் சரிகைப் பட்டு யன்னலோரம் மினுங்கி முகத்திலிருந்து பார்வையை இழுக்கும். தினமும் உடுக்கும் நூற்சேலை அல்லது மங்கிய நிறப் பட்டு நன்றாக வரும். மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால் அதோடேயே எடுங்கள். அது இல்லாத முகம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கும். கண்ணாடியில் யன்னல் தெரிந்தால் நாடியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடிக் காலைக் காதுக்கு மேலே சற்று உயர்த்திவிடுங்கள்.

மனிதரைப் பேசவிடுங்கள்

எங்கள் அம்மம்மாவை இப்படி எடுக்க நாங்கள் கதிரை போட்டபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "ஏன் பிள்ளையள், நான் போகப்போறன் எண்டோ இப்பவே படம் எடுத்து வைக்கிறியள்?" என்பதுதான். நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த எண்ணம் எங்களுக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். கடைசியில், "இல்லை அம்மம்மா, உங்கட அம்மாவின்ர படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை. அவ எப்பிடி இருப்பா எண்டு எங்களுக்குத் தெரியாது. எங்கட பிள்ளையளுக்கு அப்பிடி ஆகக்கூடாது" என்றோம். அவர் கொஞ்ச நேரம் வெளியே பனியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தன் தாயாரின் கொண்டை எவ்வளவு பெரிது, மூக்குத்தி எந்தப் பக்கம் என்று சொல்லத் தொடங்கினார். நாங்கள் எடுத்த படங்களில் சிறந்தது அந்தக் கதையின் நடுவில் எடுத்தது. அதில் அவர் கமராவைப் பார்க்கவில்லை.

ஆகவே "சிரியுங்கோ" என்று சொல்லாதீர்கள். ஊர்க் கிணறு, முதல் வேலை, பள்ளிக்கூடம் என்று ஏதாவது கேளுங்கள். ஒருவர் பேச்சுக் கொடுக்க, மற்றவர் எடுக்கட்டும். கைகளையும் ஒரு படத்தில் சேருங்கள். 15 நிமிடத்துக்கு மேல் இருத்திவைக்காதீர்கள். கணவரை இழந்தபின் படத்துக்கு இருக்க மாட்டேன் என்று சொல்பவர்களும், படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சுபவர்களும் நம்மிடையே உண்டு. வற்புறுத்த வேண்டாம். இன்னொரு நாள் கேட்போம். நினைவு தப்பத் தொடங்கியவர்களுக்குப் பழகிய கதிரையும் பழகிய குரலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய படங்களுக்கும் இதே யன்னல்

ஊரிலிருந்து தப்பி வந்த ஒன்றிரண்டு கடதாசிப் படங்கள் இருந்தால், அதே யன்னலோரத்தில் ஒரு மேசையில் தட்டையாக வையுங்கள். பிளாஷ் இல்லாமல், நேர் வெயில் படாமல், ஒளி பக்கத்திலிருந்து விழும்படி செய்து, தொலைபேசியைப் படத்துக்கு நேர் மேலே சமமாகப் பிடித்து எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள். கிழிந்துவிடும். சட்டத்தோடேயே கோணத்தை மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள்.

பத்திரப்படுத்துதல்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். திரையில் நன்றாகத் தெரிந்தாலும் பெரிதாக அச்சிடும்போது உடைந்துபோகும். மூலக் கோப்பை மின்னஞ்சலிலோ ஆவணமாகவோ அனுப்புங்கள். 8 அங்குலம் அகலமும் 10 அங்குலம் உயரமும் கொண்ட நல்ல அச்சுக்கு ஏறத்தாழ 2400க்கு 3000 புள்ளிகள் வேண்டும். இன்றைய தொலைபேசிகள் அதைத் தாராளமாகத் தரும். மூலக் கோப்பை இரண்டு இடங்களில், முடிந்தால் இரண்டு நாடுகளிலுள்ள இரண்டு பிள்ளைகளிடம் வையுங்கள். ஓர் இடத்திலேயே எல்லாவற்றையும் வைத்து இழந்தவர்கள் நாம்.

கட்டாயம் கடதாசியில் அச்சிடுங்கள். பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் முழுப்பெயர், பிறந்த ஊர், படம் எடுத்த நாள், எடுத்தவர் யார் என்று எழுதுங்கள். மேலே சொன்ன கமரூன் அம்மையார் இலங்கையில் களுத்துறையில் வாழ்ந்தபோது கிராமத்து மக்களையும் படம் எடுத்தார். இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும் அத்தகைய படம் ஒன்றுக்குக் களுத்துறை விவசாயிகள் என்பதுதான் தலைப்பு. ஒளி அழகாக இருக்கிறது. முகங்கள் தெளிவாக இருக்கின்றன. அவர்கள் யார் என்று அந்தத் தலைப்பு சொல்லவில்லை.

வரும் சனிக்கிழமை ஒரு கதிரையை யன்னலோரம் இழுத்துப் போடுங்கள். முதலில் அம்மாவை இருத்துங்கள், பிறகு அப்பாவை. முடிந்ததும் கமராவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்களும் அந்தக் கதிரையில் இருங்கள். நம் பிள்ளைகளுக்கு நாமும் ஒருநாள் தேடப்படும் முகம்தான்.